போதும்மா

தங்கச்சி, அந்த ஜன்னல் சீட்ட எனக்குக் குடுத்துருமா. காத்துக்கு இல்ல. ஓரமா இருந்தாத்தான் டவர் கெடைக்கும். பந்தல்குடி தாண்டிட்டா இந்த ரோட்டுல டவரே நிக்காது, கைய வெளிய நீட்டிக்கிட்டே வரணும். நல்லாருப்ப. நீ வா போன்னு பேசுறேன்னு கோச்சுக்காத, என் தங்கச்சி இருந்தா ஒன் வயசுதான் இருக்கும்.

என்ன அப்படிப் பாக்குற? எங்கயோ பாத்த மூஞ்சியா இருக்கா? லோகியம்மா. "வணக்கம் சொந்தங்களே"ன்னு ஆரம்பிப்பேன்ல, அதே லோகியம்மாதான். பாத்ததில்லையா? வீடியோவே பாக்க மாட்டியா? சரி விடு. அருப்புக்கோட்டைல பஸ் ஏறும்போது ரெண்டு பொம்பளைங்க அடையாளம் கண்டு கையப் புடிச்சுக்கிட்டாங்க. எனக்காக அழுதாங்க. முன்ன பின்ன தெரியாதவங்க, பாத்துக்க.

எம்மகளக் காணோம் தங்கச்சி.

காலைல இருந்து. எட்டயபுரத்துல எங்கக்கா தங்கபுஷ்பம் வீட்டுல இருந்தா. பால் வாங்கக் கடைக்குப் போனவ, பாலையும் வாங்கிட்டு வந்து தூக்குவாளிய வாசல்ல வச்சு மூடிட்டு, உள்ள வராம அப்படியே போயிட்டா. ஒரு சொட்டு சிந்தலயாம். அக்கா அதச் சொல்லிச் சொல்லி அழுகுறா. மச்சான் வண்டிய எடுத்துக்கிட்டுத் தேடுறாக. ஸ்டேஷன்லயும் சொல்லியாச்சு. நான் அங்க போயி என்ன செய்யப் போறேன்னு தெரியல, ஆனா வீட்டுல எப்படி உக்காந்திருக்க? பத்தாவது படிக்கிற புள்ள. படிச்ச புள்ள. ரெண்டு மாசமா பள்ளிக்கூடம் போகல.

போனா? அவகிட்ட போன் கெடையாது. நான்தான் புடுங்கி பீரோல வச்சுப் பூட்டிட்டேன். புள்ளைகளக் கெடுக்குறதே இந்த போன்தான? ஒனக்குப் புள்ள இருக்கா? இல்லையா. பொறந்தா கண்ணுலயே காட்டாத, சொல்லிட்டேன்.

இரு, கமெண்ட் வந்திருக்கு. ஒண்ணுமில்ல, கும்புடுற கை போட்டிருக்காங்க.

எங்க வீட்டுக்காரரு மஸ்கட்ல இருக்காக. புள்ள தவழுறதப் பாக்கல, நடக்குறதப் பாக்கல. அவுகளுக்குக் காட்டத்தான் எடுக்க ஆரம்பிச்சேன். மொதல்ல ஸ்டேட்டஸ் வச்சேன். பொறகு எல்லாரும் நல்லாருக்குன்னு சொல்லவும் சேனல் ஆரம்பிச்சாச்சு. "எனக்கு மட்டும் அனுப்பு"ன்னுதான் அவுக சொன்னாக. நல்லத நாலு பேரு பாத்தா என்ன கொறஞ்சிரப் போகுது? எனக்கு என்ன தெரியும் தங்கச்சி, எட்டாவதோட நின்னவ. எப்படி எடுக்கணும், எப்படி வெட்டி ஒட்டணும், பாட்டு எப்படிப் போடணும், எல்லாம் சொல்லிக் குடுத்தது எம்மக லோகிதான். "அம்மா, வெளிச்சத்தப் பாத்து நில்லும்மா, முதுகக் காட்டாத"ம்பா. அம்புட்டுக் கெட்டிக்காரி. சாப்புடுறது, சடை பின்னுறது, பரீட்சைக்குப் போறது, காய்ச்சல்ல கெடக்குறது, எல்லாமே போடுவேன். எங்க வீட்டுல ஒளிவு மறைவே கெடையாது.

அப்ப அவளுக்கு ஒரு கொற. கூடப் படிச்ச புள்ளைங்க எல்லாம் வயசுக்கு வந்துருச்சு, இவளுக்கு மட்டும் ஆகல. தாய்க்கு எப்படி இருக்கும்? எம்பொண்ணுக்காக வேண்டிக்கங்க சொந்தங்களேன்னு ஒரு வீடியோ போட்டேன். எத்தன ஊருல இருந்து வெளக்கு ஏத்துனாங்க தெரியுமா? அவ அன்னைக்கு அறையப் பூட்டிக்கிட்டா. வெக்கம்னு நெனச்சேன்.

தை மாசம் ஆளானா. விடுவேனா? அவுங்கப்பா வர முடியாது, லீவு இல்ல. அவுக வராத கொறை தெரியக் கூடாதுன்னு மண்டபம் புடிச்சேன். "அம்மா, வீட்டுக்குள்ளயே தண்ணி ஊத்திக்கலாம்மா, பெரியம்மா மட்டும் வரட்டும்"னா. யாராவது அப்படிச் செய்வாங்களா? தாய்மாமன் சீரு நூத்தியோரு தட்டு, செண்டமேளம், தெறந்த ஜீப்புல ஊர்வலம். மேல பறந்துக்கிட்டே எடுக்குற கேமராகூட வச்சேன். புள்ள மேடைக்கு வரும்போது ரெண்டு பக்கமும் வெள்ளப் பொகை வர்ற மாதிரி ஒரு மிஷினு. அந்தப் பொகைய ஆளு கிட்டக்க வச்சு விட்டுட்டான். தொண்டைக்குள்ள போயிருச்சு. கனத்த பட்டு, கழுத்து நெறய மாலை, அசைய முடியல. இருமுறா, மை கரைஞ்சு ஓடுது, என்னப் பாத்து வாயக் கோணிக்கிட்டு, "போதும்மா... போதும்மா"ன்னு அழுதா. சின்னப் புள்ள மாதிரி.

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அம்புட்டு அழகா இருந்துச்சு. அத மட்டும் வெட்டித் தனியா போட்டேன்.

தங்கச்சி, அது போன போக்கு இருக்கே! ஊரு ஒலகமெல்லாம் போச்சு. ஒனக்கும் கேட்ட மாதிரி இருக்குமே. பொண்டாட்டி அஞ்சாவது தோசைய வைக்கிறா, புருசன் வாயசைக்கிறான், "போதும்மா." வாத்தியாரு வீட்டுப்பாடம் குடுக்குறாரு, "போதும்மா." எல்லாம் எம்மக கொரலு. ஆ, அதேதான்! பாத்தியா, ஒனக்குத் தெரியுது. அது எம்புள்ளதான். வாட்சப்புல அவ அழுகுற மூஞ்சி ஸ்டிக்கரா வந்துச்சு. எங்க ஊரு பேன்சி ஸ்டோர்ல அந்தக் கடைக்காரப் பையன் எனக்கே அனுப்புனான், யாருன்னு தெரியாம.

அவளுக்கு அதப் பெருமையா எடுத்துக்கத் தெரியல. பள்ளிக்கூடத்துல அவ உள்ள நொழைஞ்சாலே பயலுக ஒரு மூலைல இருந்து "போதும்மா"ம்பான், இன்னொரு மூலைல இருந்து பதில் வருமாம். சத்துணவுத் தட்ட நீட்டுனா போதும்மா. டீச்சர் கேள்வி கேட்டா போதும்மா. அவ வாயத் தெறக்குறதையே விட்டுட்டா. மாஸ்க் போட்டுக்கிட்டுப் போனா. பொறகு டப்பால கட்டிக் குடுத்த சோத்தையும் மத்தியானம் சாப்புடாம அப்படியே கொண்டாந்து நாய்க்குப் போட்டிருக்கா, எனக்குத் தெரியவே இல்ல. "சிரிச்சுட்டுப் போடி, பேரு தெரிஞ்ச புள்ளையாயிட்டேல்ல"ன்னேன். நான் தப்பா சொல்லலயே? தைரியம்தான சொன்னேன்.

ஒரு நாளு மார்க்கெட்டுக்குப் போயிட்டு வர்றேன், தலமுடியக் கத்திரிச்சுப் போட்டு நடுவீட்டுல உக்காந்திருக்கா. இடுப்புக்குக் கீழ தொங்குற முடி தங்கச்சி. அந்த முடிக்கு எண்ணெ தேச்சு விடுற வீடியோவுக்குன்னே தனிக்கூட்டம் இருந்துச்சு. நெஞ்சுல அடிச்சுக்கிட்டு அழுதேன். "இப்ப அடையாளம் தெரியாதுல்லம்மா"ன்னா. அவ மொகத்துல ஒரு சந்தோசம், அதப் பாத்துத்தான் எனக்குப் பயம் வந்துச்சு.

கூட்டிட்டுப் போனேன், டாக்டரம்மாகிட்ட. விட்டேன்னு சொல்ல முடியாது. அவுக என்ன வெளிய உக்கார வச்சுட்டு அவகிட்டயே ரொம்ப நேரம் பேசுனாக. பொறகு என்னக் கூப்புட்டு என்னென்னமோ சொன்னாக. அந்த வீடியோவ சேனல்ல இருந்து எடுத்துருங்க, இனிமே புள்ளையக் கேக்காம படம் புடிக்காதீங்க, அவ பேசும்போது குறுக்க பேசாதீங்க, போனக் கொறைங்கன்னு. கடைசியா சொன்னாக பாரு, அதப் புடிச்சுக்கிட்டேன். வீட்டுக்கு வந்த வேகத்துல போனப் புடுங்கிட்டேன். அந்த போன்ல அவளுக்கு ஜெனிட்டான்னு ஒரு புள்ள பழக்கமாம், நாகர்கோயில் பக்கமாம். நேர்ல பாத்ததுகூட இல்ல. ராத்திரியெல்லாம் அவளும் இவளும் எழுதிக்குவாங்களாம். "அம்மா, அவ ஒருத்திதாம்மா என்னக் கேலி பண்ண மாட்டா"ன்னு கால்ல விழுந்தா. டாக்டர் சொன்னதச் செய்ய வேணாமா? பூட்டிட்டேன்.

வீடியோவா? எடுத்துட்டேன்னு அவகிட்டச் சொன்னேன். எடுக்கல. யாரும் பாக்காத மாதிரி மறைச்சு வச்சேன். அப்புறம் சொந்தங்க எல்லாம் எங்க எங்கன்னு கேட்டாங்க, தெறந்து விட்டுட்டேன். போனே இல்லாதவளுக்கு அது இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?

எங்கக்கா வந்து பாத்தா. புள்ளையோட துணிமணிய எடுத்துப் பையில போட்டுக் கையோட கூட்டிட்டுப் போயிட்டா. "கொஞ்ச நாளைக்கு நீ அங்க வராத மாலா"ன்னா. கூடப் பொறந்தவ சொல்ற பேச்சா அது? ஆனா ஒண்ணு, அங்க போயி புள்ள தேறுனா. பொய் சொல்லக் கூடாது. அக்கா வீட்டுல பட்டன் போனுதான். அந்தத் தெருவுல இவ யாருன்னு ஒருத்தருக்கும் தெரியாது. தங்கபுஷ்பம் வீட்டுக்கு வந்த புள்ள, அம்புட்டுதான். ரெண்டு வேள சோறு தின்னா. பக்கத்து வீட்டுச் சின்னப் புள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் குடுத்தாளாம். மாஸ்க்கக் கழட்டிட்டாளாம்.

ஒரு நா பாத்திரம் வெளக்கிக்கிட்டே அக்காகிட்டக் கேட்டிருக்கா: "பெரியம்மா, நான் இல்லாம போயிட்டா அந்த வீடியோவும் இல்லாம போயிருமா?"

அக்கா போன் பண்ணி என்ன ஏசுனா, அப்படி ஏசுனா. அதான் எடுத்துட்டேன்னு சொல்லிட்டேனே, பெறகு ஏன் இந்தப் பேச்சுன்னு நான் கேட்டேன். ஆனா போன வச்சதுக்கப்புறம் அவ கேட்டதே திரும்பத் திரும்ப நெனப்பு வந்துச்சு. இப்பவும் அதே நெனப்புதான். காலைல இருந்து அந்த ஒரு கேள்விதான் காதுல ஓடுது. புள்ள எங்கயாவது கெணத்தடில நிக்குறாளோ, தண்டவாளத்துப் பக்கம் போயிட்டாளோன்னு... கண்ண மூடுனா அதான் தெரியுது. என் கையப் புடிச்சுக்க தங்கச்சி. ஆ, அப்படியே.

போன ஞாயித்துக்கெழம மனசு கேக்காம எட்டயபுரம் போயிட்டேன். சொல்லாமத்தான் போனேன். தெருமொனைல நிக்கும்போதே சத்தம் கேக்குது. எம்மக சிரிக்கிறா! மாசக்கணக்குல கேக்காத சிரிப்பு. அந்த வாண்டுகளோட தெருவுல பாண்டி ஆடிக்கிட்டிருக்கா, பாவாடையத் தூக்கிச் சொருகிக்கிட்டு. எனக்குக் கண்ணுல தண்ணி தாரையா கொட்டுது. அவ என்னப் பாக்கல. கரண்டு கம்பத்துக்குப் பின்னாடி நின்னு ஒரு நிமிசம் எடுத்துட்டு, தொந்தரவு பண்ண வேணாம்னு அப்படியே திரும்பி வந்துட்டேன். வீட்டுக்குள்ளகூடப் போகல. அம்புட்டு வைராக்கியமா வந்தேன். அன்னைக்குச் சாயங்காலம் போட்டேன்: "போதும்மா பொண்ணு சிரிச்சுட்டா." பிரார்த்தன பண்ணுனவங்களுக்கு நல்ல சேதி சொல்ல வேணாமா?

இன்னைக்குக் காலைல அந்தப் பால் கடைல எவனோ அவளப் பாத்து, "ஏய், போதும்மா"ன்னு சொல்லிச் சிரிச்சிருக்கான். கடைக்காரம்மா அக்காகிட்டச் சொல்லியிருக்கு. எட்டயபுரத்துல அவள யாருக்குத் தெரியும்? முடியும் இல்ல, பட்டும் இல்ல. எப்படிக் கண்டுபுடிச்சான்னுதான் எனக்கு வெளங்கவே இல்ல தங்கச்சி. அவன் நாசமாப் போவான்.

என்ன? ஞாயித்துக்கெழம போட்ட வீடியோவா? சே, அது தூரத்துல இருந்து எடுத்தது. தெரு தெரியும், அக்கா வீட்டு நீலக் கதவு தெரியும். மொகம் கொஞ்சம்தான் தெரியும்.

கொஞ்சம்தான் தெரியும்.

சரி, அத விடு. இப்ப கண்டுபுடிக்கிற வழியப் பாக்கணும்ல. பஸ் ஸ்டாண்டுல நின்னே லைவ் போட்டேன். எம்மகளக் காணல, பாத்தவங்க பத்திரமா நிறுத்தி வையுங்கன்னு. போட்டோ வேணும்ல? முடி வெட்டுனதுக்கப்புறம் கிட்டக்க எடுத்த போட்டோவே இல்ல, எடுக்க விட்டாத்தான. அதனால அந்தப் பழைய வீடியோவையே சேத்துப் போட்டுட்டேன். எல்லாருக்கும் தெரிஞ்ச மொகம் அதுதான? பாதிப் பேரு அழுகுறாங்க. ஒண்ணு ரெண்டு வெளங்காதவன் இதுலயும் வந்து "போதும்மா"ன்னு போட்டிருக்கான். ஆனா எம்புட்டு வேகமாப் போகுது பாரு. நீயும் ஒரு தடவ அனுப்பி விடேன், ஒனக்குத் தெரிஞ்சவங்களுக்கு. ஏன் யோசிக்கிற?

இரு, இரு, அக்காதான். ஹலோ! சொல்லுக்கா. கெடச்சுட்டாளா? ஏங்க்கா கத்துற? என்னத்த எடுக்கச் சொல்ற? மொதல்ல புள்ள எங்கன்னு சொல்லு! ...எந்த பஸ்ஸு? ...ஹலோ? ஹலோ?

போயிருச்சு. தங்கச்சி, உசுரோட இருக்கா! சாமீ! எட்டயபுரத்துல இருந்து இந்த ரோட்டுல வர்ற பஸ்ல ஏறியிருக்காளாம். மச்சான் கூட்டாளி ஒருத்தரு அதே பஸ்ல இருந்திருக்காரு. பாத்தியா, லைவ் போட்டு முழுசா ஒரு மணி நேரம் ஆகல, கண்டுபுடிச்சாச்சு! ஆனா எறங்கி ஓடிட்டாங்குறா அக்கா. மேலக்கரந்தைக்கிட்ட எறங்கி முள்ளுக்காட்டுக்குள்ள ஓடிட்டாளாம். எதுக்கு ஓடணும்? வீடியோவ எடுடி எடுடின்னு கத்துறா, வேற ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறா.

இதோ யாரோ கமெண்ட்ல அனுப்பிருக்காங்க. பஸ்ஸுக்குள்ள எடுத்தது போல. நீயும் பாரு. சத்தத்தக் கூட்டு. அந்தா, அந்தச் செவப்புச் சுடிதாரு, அதான் எம்மக. துப்பட்டாவ மூஞ்சில சுத்தியிருக்கா. ஏன் இத்தன பேரு போனத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு நிக்குறாங்க? துப்பட்டாவ ஏன்டா இழுக்குற பாவி? என்ன சொல்றா? மறுபடி போடு. இன்னொரு தடவ போடு.

"எடுக்காதீங்கண்ணே. எங்கம்மாகிட்டப் போறேன். விடுங்கண்ணே, எங்கம்மாகிட்டத்தான் போறேன்."

என்கிட்ட வந்திருக்கா.

ஓடிப் போகல தங்கச்சி. என்கிட்டத்தான் வந்துக்கிட்டு இருந்திருக்கா. வீட்டுக்கு. நான் லைவ் போடாம பேசாம வீட்டுல உக்காந்திருந்தா இந்நேரம் கதவத் தட்டியிருப்பா. ஐயோ. ஐயோ, எம்புள்ள என்கிட்டத்தான வந்துச்சு.

எடும்மா இத. ஒனக்குத் தெரியுமா எடுக்க? எல்லாத்தையும் எடு. அந்த மண்டபத்து வீடியோ, முடி வீடியோ, ஞாயித்துக்கெழம போட்டது, எல்லாம். எனக்கு ஏத்தத்தான் தெரியும். எடுக்குறது எப்படின்னு அவகிட்டக் கேட்டுக்கவே இல்ல. இந்தா, நீயே வச்சுக்க போன. எடுத்தாலும் மத்தவங்க போன்ல இருக்குமா? அப்ப எப்படி? அப்ப எப்படித்தான் இத நிறுத்துறது?

கண்டக்டரண்ணே! நிறுத்துங்கண்ணே! மேலக்கரந்தைதான இது, அந்தா கூட்டம் நிக்குது பாருங்க. என் புள்ள அந்தக் காட்டுக்குள்ளதாண்ணே இருக்கு. வேலிக்கருவ தவிர ஒண்ணுமில்ல, பாழுங்கெணறு வேற இருக்கும் இந்தப் பக்கமெல்லாம். ஐயா, ஒரு அஞ்சு நிமிசம் நிக்கட்டும்யா, ஒங்க காலப் புடிச்சுக் கேக்குறேன்.

நின்னுருச்சு. பாரு தங்கச்சி, அத்தன பயலும் காட்டப் பாத்து போனத் தூக்கிக்கிட்டு நிக்குறான். உள்ள இருந்து அவ பாத்துக்கிட்டுத்தான் இருப்பா. நான் எறங்குனா என்ன ஆகும்? லோகியம்மா வந்துட்டாங்கன்னு எல்லாம் என் பின்னாடியே வரும். நான் அவளப் போயிக் கட்டிப்புடிச்சாலும் அதையும் எடுப்பாங்க. என்னப் பாத்த ஒடனே இன்னும் உள்ள ஓடிருவா. என்னால போக முடியாது. பெத்தவ நான், என்னால போக முடியாது தங்கச்சி.

நீ போ. ஒன் மூஞ்சி யாருக்கும் தெரியாது. அந்தக் கூட்டத்துக்குள்ள நொழையாத, இந்த ஓரமா ஒத்தையடிப் பாதை போகுது பாரு, ஒதுங்கப் போற மாதிரி போ. போயி மெதுவாக் கூப்புடு. ஒங்கம்மா அனுப்புனாங்கன்னு சொன்னா நம்ப மாட்டா, எவன் வேணா அப்படிச் சொல்லுவான். நீ வீட்டு ஆளுதான்னு அவளுக்குத் தெரியணும். வீட்டுக்குள்ள மட்டும் தெரிஞ்ச ஏதாவது ஒண்ணச் சொல்லு, வந்துருவா. "சிட்டு"ன்னு கூப்புடு. அவுங்கப்பா அப்படித்தான் கூப்புடுவாக. இல்ல, வேணாம், அது வீடியோல வந்துருச்சு. மொழங்கால் தழும்பு, சின்னதுல அம்மிக்கல்லுல விழுந்தது... அதும் போட்டுட்டேன். என் காதப் புடிச்சுக்கிட்டுத்தான் தூங்குவா, இப்பவும். அதையும் அவ தூங்கும்போது எடுத்து... அதுக்கு எத்தன பேரு இதயம் போட்டாங்க.

இரு. ஒண்ணு இருக்கும். பெத்தவளுக்கும் புள்ளைக்கும் நடுவுல வீடியோல வராதது ஒண்ணுகூடவா இல்லாம போயிரும்? நீ எறங்கு தங்கச்சி, எறங்கி நடந்துக்கிட்டே இரு. நான் யோசிச்சு இந்த ஜன்னல் வழியாச் சொல்றேன். இரு, யோசிக்கிறேன்.